சுவருள் மறைந்த விளம்பரங்கள்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த நம் குப்பங்களில் பழைய வீடுகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. ஓலை வேய்ந்த மண்சுவர் வீடுகளும், நாட்டோடு வேய்ந்த வீடுகளும் நீங்கிச் சிமெண்டு மாடிகள் எழுகின்றன. 1984-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஸ்ரீஹரிகோட்டாவின் பக்கம் கரையேறிய புயலும், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும் தொடங்கிவைத்த இம்மாற்றத்தை அரசினர் திட்டங்களும் நம்மவர் உழைப்பும் முடித்து வைக்கின்றன. மழைக்கு ஒழுகாத கூரை நம் மக்கட்குக் கிடைத்தது குறித்து மகிழாதார் யார்? ஆயினும், கடப்பாரையை ஓங்குமுன் ஒரு கணம் நின்று, அச்சுவரில் யாது ஒட்டியிருக்கிறது என்று நோக்குமாறு நம் சங்கத்து அன்பர்களை வேண்டிக்கொள்ளவே இதனை எழுதப் புகுந்தோம். யாம் கூற வந்தது பொன்னையோ புதையலையோ அன்று. பழைய விளம்பரத் தாள்களையே.

"விளம்பரத் தாளா! அதில் வரலாறு யாது உளது?" என்று சிலர் நகைத்தல் கூடும். நகைப்பார்க்கு முதற்கண் ஒன்று கூறுவோம். விளம்பரம் வெள்ளையர் கொணர்ந்த புதுப்பொருள் அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகள் வருணிக்கப்படுகின்றன. தெய்வம் உறையும் வாயிற் கொடி ஒன்று; வாது செய்ய வல்ல ஆசிரியர் உயர்த்திய கொடி ஒன்று; கலங்களின் பாய்மரத்துக் கொடி ஒன்று; மீனை அறுத்து இறைச்சியைப் பொரிக்கும் மனையின் முற்றத்தே கள் விற்பதைக் காட்டும் கொடியும் ஒன்று. இன்ன இடத்து இன்னது கிடைக்கும் என எழுத்தறியாதாருக்கும் அறிவித்தலே இவற்றின் பயன். அக்கொடிகளுள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. துணி மட்கும், தாளும் மட்கும். கல் ஒன்றே நிற்கும். அதனாலேதான் நம் வரலாறு கல்லில் வெட்டுவிக்கும் வலியுடையோர் வரலாறாகவே நெடுங்காலம் எழுதப்பெற்றது.

எனினும், தாளும் சிற்சில இடங்களில் தப்பிப் பிழைத்ததுண்டு. எவ்வாறெனின், சுவருக்குள் ஒளிந்தமையால். அமெரிக்க நாட்டு வெர்மாண்ட் மாநிலத்தில் கால்செஸ்டர் என்னும் ஊரில் 1991-ஆம் ஆண்டு ஒரு வீட்டைப் புதுப்பித்தபொழுது, வெளிப்புறப் பலகைகளுக்கு உள்ளே 1883-ஆம் ஆண்டின் சர்க்கஸ் விளம்பரங்கள் வண்ணங் குன்றாமல் வெளிப்பட்டன. ஒன்றோடொன்று போட்டியிட்ட இரண்டு சர்க்கஸ் கூட்டத்தாரின் தாள்கள் அவை. இன்று ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்நாட்டிலேயே விஸ்கான்சின் மாநிலத்து டியூரண்ட் என்னும் ஊரில் ஓர் உணவு விடுதியைத் திருத்தியபொழுது, 2015-ஆம் ஆண்டு, சுவரை உடைத்தவர் கண்ணுக்கு ஒரு விலங்கின் உருவம் முதலில் தோன்றிற்று. மெல்ல மெல்ல அகற்றிப் பார்க்க, ஏறத்தாழ ஐம்பதடி நீளமுள்ள சர்க்கஸ் விளம்பரம் ஒன்று முழுவதும் வெளிப்பட்டது. 1885-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் ஆட்டம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அந்நாள் கழிந்தபின் அத்தாள் எவருக்கும் வேண்டாத குப்பை. கிழித்தெறியாமல் அதன்மேலேயே அடுத்த கட்டடத்தின் சுவரை எழுப்பிவிட்டமையால், நூற்றுமுப்பது ஆண்டு அஃது அங்கேயே இருந்தது.

நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில் 2002-ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் இத்தகையதே. ஒரு கட்டடத்தின் புறச்செங்கற்கள் பெயர்ந்து விழ, உள்ளே 1878-ஆம் ஆண்டின் நாடக விளம்பரம் ஒன்று காணப்பட்டது. பபலோ பில் என்று பெயர்பெற்ற நடிகரின் கூட்டத்தாருடையது அது. ஏறத்தாழ இருபத்தாறடி நீளம். துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்து இணைத்துச் சேர்க்கப் பல்லாண்டு உழைப்புச் சென்றது.

இலண்டன் மாநகரத்து நிலத்தடி ரயில் நிலையமாகிய நாட்டிங்ஹில் கேட்டில் நடந்தது வேறொரு வகை. அங்கே மின்னேணிகளை அமைத்து, பழைய மின்தூக்கிகளுக்குச் செல்லும் வழியை 1959-ஆம் ஆண்டு அடைத்துவிட்டனர். 2010-ஆம் ஆண்டுத் திருப்பணியின்போது அவ்வழியினுட் புகுந்தவர்கள், 1956 முதல் 1959 வரையிலான சினிமா விளம்பரங்களும் பற்பசை விளம்பரங்களும் ஒட்டியவாறே இருக்கக் கண்டனர். அவற்றை எடுத்துச் செல்லாமல், படம் பிடித்துக்கொண்டு, இருந்தவிடத்திலேயே விட்டு மீண்டும் அடைத்தனர். எமக்கு இச்செயல் மிகவும் பிடித்திருக்கிறது. பொருளைக் கைப்பற்றுதல் வேறு, அறிதல் வேறு.

இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். விளம்பரத் தாளில் நாள் இருக்கும், ஊர் இருக்கும், விலை இருக்கும். கல்வெட்டிலே அரசன் பட்டத்துக்கு வந்த யாண்டு இன்னது என்று இருப்பதுபோல, இத்தாளில் இன்ன நாள் இன்ன இடத்தில் ஆட்டம் என்றிருக்கிறது. ஆகவே அத்தாளை மூடிய சுவர் அந்நாளுக்குப் பிற்பட்டது என்பது ஐயமின்றித் துணியப்படும். தன் வீட்டின் வயதை அறிய விழைவார்க்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது. கொத்தனார் கூறுவது ஒன்று, பாட்டியார் கூறுவது ஒன்றாக இருக்கும். தாள் தன் நாளைத் தானே கூறும்.

நம் நாட்டிலே சுவருக்குள் சுவர் இருந்து வெளிப்பட்ட பெருஞ்செய்தி ஒன்றுண்டு. அது விளம்பரமன்று எனினும் ஈண்டுக் கூறத்தக்கது. தஞ்சைப் பெரியகோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்வழியில் நாயக்கர் காலத்து ஓவியங்களே உள்ளன என்று உலகம் எண்ணியிருந்தது. 1931-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள், உதிர்ந்திருந்த காரையின் உள்ளே மற்றொரு பூச்சும் அதில் சோழர் காலத்து ஓவியமும் இருத்தலைக் கண்டு வெளிப்படுத்தினார். பிற்காலத்தே தொல்பொருளாய்வுத் துறையினர் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தை அழிக்காமல் தனியே பெயர்த்தெடுத்து வேறு பலகையில் ஏற்றிவைத்து, உள்ளிருந்த சோழர் ஓவியத்தைக் காட்டினர். மேலதும் வேண்டும், கீழதும் வேண்டும் என்னும் இந்நெறியே எம் கருத்துக்கு இயைந்தது. ஐந்து முறை வெள்ளையடித்த சுவரில் ஐந்து காலம் உறைகின்றது.

நிற்க. நம் ஊருக்கு வருவோம்.

பழவேற்காட்டின் வரலாறு என்று நூல்களில் இருப்பது யாது? விசயநகரத்தார் காலத்துத் துறைமுகம், போர்த்துக்கீசியர் வருகை, 1613-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டை, 1690 வரை அது சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாய் நின்றமை, துணி வாணிகமும் வெடிமருந்துச் சாலையும், இக்கரையினின்று ஏழை மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட கொடுமை, 1825-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்கு மாறியமை. ஒல்லாந்தரின் கல்லறைகளைத் தொல்பொருளாய்வுத் துறையினர் இன்றும் காத்து வருகின்றனர். எலும்புருவம் வாயிலிற் செதுக்கி, இறந்தார் பெருமையை அழகிய எழுத்தில் வெட்டிவைத்த கற்கள் அவை. அவர்களுக்குக் கோட்டையிலே சோறு எவ்வாறு வந்தது, மீன் கொணர்ந்தவர் யார், படகு தள்ளியவர் யார் என்று அக்கல் ஒன்றும் கூறாது. பட்டினவர் ஒருவர் பெயரையும் அங்கே காணோம். ஏரியில் வலையிட்டோர்க்குக் கல் இல்லை.

கல் இல்லாதார்க்குச் சுவரேனும் உண்டோ எனின், அதுவும் அரிதாகவே இருந்தது. அமெரிக்க நாட்டுப் பலகை வீட்டைப்போல இரண்டு அடுக்குடைய சுவர் நம் குப்பத்தில் இல்லை. மண்ணும் ஓலையும் கொண்ட வீட்டில் உப்புக்காற்று ஒருபுறமும் கறையான் மறுபுறமும் தின்னத் தாள் எங்ஙனம் நிலைக்கும்? பழவேற்காட்டு ஊரினுள்ளே இருந்த காரைவீடுகளிலும், குப்பங்களில் வசதியுடையார் கட்டிய ஓட்டு வீடுகளிலுமே சுவர்த்தாளை நாடலாம். ஆயினும் நம் வீடுகளில் தாள் ஒளியும் இடங்கள் வேறு உள்ளன. அவற்றை நம் தாய்மார்கள் நன்கறிவர். டிரங்குப்பெட்டி மூடியின் உட்புறம், விளக்கு மாடத்தின் பின்சுவர், பூசைப்படச் சட்டத்துக்குள் படத்தைத் தாங்கவைத்த அட்டை, கதவின் உட்பக்கம், உத்திரத்துக்கும் சுவருக்கும் இடையே சந்து அடைக்கத் திணித்த காகிதம், பரணில் விரித்த பழந்தாள். சுவரைத் தட்டுமுன் இவற்றை நோக்குக.

அவ்விடங்களில் எதிர்பார்க்கத்தக்கவை எவை? முதலாவது துணிச்சீட்டு. மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து வந்த துணிக்கட்டுகளின்மேல் பல வண்ணச் சீட்டுகளை ஒட்டி அனுப்பினர். திருமகளும் கண்ணனும் யானையும் மயிலும் அவற்றில் விளங்கின. எழுத்தறியாதார் படத்தைக் கண்டே சரக்கை அறிந்து கேட்பர் என்னும் வணிகத் தந்திரம் அது. 1889-ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு அடையாளச் சட்டம் துணியின் நீளத்தைக் கஜக்கணக்கில் முத்திரையிட வேண்டுமென விதித்தது. ஆகவே, முத்திரையோடு கூடிய துணித்துண்டு கிடைப்பினும் அதுவும் ஒரு சான்றே. பெண்கள் இச்சீட்டுகளைப் பிரித்துச் சுவரில் ஒட்டி வழிபட்டதும் உண்டு. தெய்வம் இலவசமாய்க் கிடைக்கும்போது விடுவார் யார்!

இரண்டாவது தீப்பெட்டிப் படம். தொடக்கத்தில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் வந்தன. 1922-ஆம் ஆண்டளவில் சிவகாசியைச் சார்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுவந்து தம்மூரில் தொடங்கினர். தீப்பெட்டிக்குப் படம் அச்சிட வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழிலும் அங்கே வேரூன்றிற்று. அதன்பின் நாட்காட்டித் தொழில் ஓங்கிற்று. ஒரு சமூகத்தார் ஒரு தொழிலைப் பற்றி உயர்ந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம்மவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. எம்மிடம் பயிலும் சிறார்க்குத் தீப்பெட்டிப் படம் சேர்த்தல் என்றால் யாதென்றே தெரியவில்லை. அவர்தம் பாட்டனார்க்குத் தெரியும்.

மூன்றாவது நாட்காட்டி. இரவிவர்மர் 1894-ஆம் ஆண்டு பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் படங்கள் நாடெங்கும் பரவின. வணிகர்கள் அவற்றையும் அவற்றைப் பார்த்து எழுதிய படங்களையும் தம் பெயர் பொறித்து வழங்கினர். பின்னர்க் கோவிற்பட்டியில் தங்கி வாழ்ந்த கொண்டையராஜு அவர்கள், நாடகத் திரை எழுதிய கைகொண்டே நாட்காட்டித் தெய்வங்களை எழுதினார். முருகன் திருவுருவின் அடியிலே ஒரு கடைக்காரரின் பெயரும் ஊரும் இருக்கும். படத்தைச் சட்டமிட்டு வணங்குவோர் அடியிலுள்ள கடைப்பெயரை வெட்டிவிடுதல் வழக்கம். வரலாறு வெட்டுண்ட அவ்வடியிலேதான் இருந்தது. நூல் எங்கே வாங்கினர், எண்ணெய் எங்கே வாங்கினர், எவ்வூர்க் கடையோடு நம் குப்பத்துக்குப் பற்றுவரவு இருந்தது என்பதெல்லாம் அத்துணுக்கில் உள்ள செய்தி.

நான்காவது ஆட்ட நோட்டீசு. கூத்து, நாடகம், சலனப்படம் ஆகியவற்றுக்கு மேளங்கொட்டி வழங்கப்பெற்ற துண்டுத்தாள்கள். 1931-ஆம் ஆண்டு தமிழ்ப் பேசும்படமாகக் காளிதாஸ் வெளிவந்தபின் இவை பெருகின. சென்னையினின்று வடக்கே நீளும் நீர்வழி, 1806-ஆம் ஆண்டு கொக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, 1878-ஆம் ஆண்டு பக்கிங்காம் பெயர் பெற்று, நம் ஏரியின் ஊடே செல்கின்றது. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகு அவ்வழியே படகேறிச் சென்னைக்குச் சென்றது. திரும்பி வந்த படகுகளில் நகரத்துச் சரக்கும் அச்சரக்கைச் சுற்றிய அச்சுத்தாளும் வந்திருத்தல் இயல்பே.

விளம்பரம் பற்றிப் பேசுங்கால், நம் ஊர்ப்பெயரே உலகெங்கும் ஒரு விளம்பரமாய் நின்றதை மறத்தலாகாது. மலாய் நாட்டிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் ஆடவர் உடுக்கும் கட்டம்போட்ட கைலிக்குக் காயின் பெலெகாட் என்று பெயர். பெலெகாட் என்பது பழவேற்காடே. கடலுக்கு அப்பாலுள்ள மெக்சிகோ நாட்டில் கழுத்திலும் தலையிலும் கட்டும் வண்ணக் கைக்குட்டையைப் பலியாகாத்தே என்பர்; அச்சொல்லும் பழவேற்காட்டின் போர்த்துக்கீசிய வடிவத்தினின்று வந்ததென்று அறிஞர் பலர் கொள்வர். அந்நாட்டு விடுதலைப் போர்த்தலைவராகிய மொரேலோஸ் என்பார் தலையில் கட்டிய துணியும் அதுவே. துணி நெய்தோர் பெயர் மறைந்தது. ஊர்ப்பெயர் உடுப்போர் இடையிலும் தலையிலும் நின்றது. வீட்டில் பழைய கைலி ஒன்று இருந்து, அதன் மூலையில் வணிகச்சீட்டும் ஒட்டியிருப்பின், அது கந்தையன்று.

இத்தகைய சிறுதாள்களைக் காத்தவர் யாரேனும் தமிழ்நாட்டில் உளரோ என்று வினவலாம். உளர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள், விளம்பரப் பலகை எழுதும் ஓவியத் தொழிலர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்புகளையும் பிறர் எறியும் துண்டுத்தாள்களையும் பொறுக்கிச் சேர்த்தார். அவர் 1992-ஆம் ஆண்டு மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அத்தொகுதியை விலைகொடுத்துப் பெற்று, நாட்டைவிட்டுக் கொண்டு செல்லாமல், சென்னையிலேயே அவர் பெயரால் 1994-ஆம் ஆண்டு நூலகம் அமைய வழிசெய்தனர். இன்று தமிழ் நாடக வரலாறு எழுதுவார் பலர் அங்கே செல்கின்றனர். எழுத்து வேலைக்காரர் ஒருவர் தனியே நின்று செய்ததை ஒரு சங்கம் கூடிச் செய்தல் இயலாதோ?

நம் குலத்தாருக்கு இதில் வேறொரு பொருட்டும் உண்டு. நம் ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை பாடு முறையில் நடந்து வந்திருப்பதை யாவரும் அறிவர். இன்ன நாள் இன்ன ஊரார் இன்னவிடத்து வலையிடுக என முறைவைத்துப் பங்கிடும் இவ்வொழுங்கினை 1991-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமே ஆராய்ந்து வெளியிட்டது. உரிமை பற்றி வழக்கு எழும்போதெல்லாம் எழுத்துச் சான்று கேட்கப்படுகின்றது. நம் பெரியோர் முறைக்கணக்கை எதில் எழுதினர்? கடையில் தாள் வாங்கியா எழுதினர்? ஒருபுறம் மட்டும் அச்சிட்ட நோட்டீசின் வெற்றுப்புறத்திலும், நாட்காட்டித் தாளின் பின்னும் கணக்கெழுதுதல் ஏழை வீடுகளின் வழக்கம். சீட்டுக்கணக்கும் மொய்க்கணக்கும் வலைநூற் கணக்கும் அவ்வாறே எழுதப்பெற்றன. முன்புறத்தில் ஒரு சோப்பு விளம்பரமும், பின்புறத்தில் பாட்டு முறையும் இருக்கலாம். முன்புறத்து நாட்காட்டி ஆண்டைக் காட்டுமாகலின், பின்புறத்து எழுத்து அதற்கு முற்பட்டதாதல் இயலாது என்பதும் துணியப்படும். நீதிமன்றத்தில் இதன் எடை எவ்வளவு என்பதை வழக்கறிஞர் கூறுவர். வரலாற்றில் இதன் எடை பெரிது.

இனி, தாள் கண்டால் செய்யவேண்டுவன சில. கிழித்தெடுக்க முயலற்க. ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டா. பழைய வண்ணமை நீரில் கரையும், கஞ்சிப்பசையும் குழைந்து தாளைச் சிதைக்கும். முதலில் சுவர் முழுவதும் தெரியுமாறு ஒரு படமும், தாள் மட்டும் தெரியுமாறு மற்றொரு படமும், அருகே அடிக்கோல் வைத்து எடுத்துக்கொள்க. அடியில் அச்சகத்தின் பெயர் சிற்றெழுத்தில் இருக்கும். அதனைத் தனியே எடுக்க. தாள் தானே விட்டுப்போகும் நிலையிலிருப்பின் மெல்லிய தகட்டைச் செலுத்தி நீக்குக. இறுகியிருப்பின், காரையோடு சேர்த்தே அவ்வளவு பாகத்தைப் பெயர்க்கக் கொத்தனாரிடம் கூறுக. அவர் முகஞ்சுளிப்பார், ஒரு தேநீர் வாங்கிக்கொடுத்தால் செய்வார். பசைநாடா ஒட்டுதலும், கண்ணாடித்தாள் பொதிந்து சூடேற்றி ஒட்டுவித்தலும் பெருங்கேடு. ஒட்டியபின் மீட்க இயலாது. மடிக்காமல், வெண்டாள் இரண்டின் இடையே படுக்கவைத்து, தரையினும் சுவரினும் படாமல் உயரத்தில் வைக்க. எந்த ஊர், எந்த அறை, எந்தச் சுவர், எந்நாள் கண்டது என்பதை வேறொரு தாளில் எழுதி உடன் வைக்க. மூலத்தின்மேல் எழுதற்க.

பள்ளி மாணாக்கரை இப்பணிக்கு ஏவலாம். அவர்கள் கையிலே படமெடுக்கும் கருவி எந்நேரமும் இருக்கிறது. தாள் எவ்வீட்டில் உள்ளதோ அவ்வீட்டாருக்கே உரியது; சங்கத்துக்கு வேண்டுவது இரண்டு படமும் அக்குறிப்பும் மட்டுமே. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று.